முள் காட்டும் வேகமும் பில்லில் ஏறும் கிலோமீட்டரும்: ஜி.பி.எஸ். ஸ்பீடோமீட்டர் வைத்து ஓட்டிப் பார்த்ததில்

மதுரையில் டி போர்டு (வாடகை வண்டி) டிசையர் ஓட்டுகிறேன். ராமேஸ்வரம், கொடைக்கானல், திருச்செந்தூர், குற்றாலம் என்று வெளியூர் டிரிப்தான் பிழைப்பு. கிலோமீட்டருக்கு 14 ரூபாய். பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் தனி. கிளம்பும்போது ஸ்டார்டிங் கிலோமீட்டர், இறக்கிவிடும்போது குளோசிங் கிலோமீட்டர், இரண்டையும் டிரிப் ஷீட்டில் எழுதிப் பார்ட்டியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆக, நான் வாங்கும் பணத்தை முடிவு செய்வது, ஓடிய தூரத்தை எண்ணிக் காட்டும் என் வண்டியின் ஓடோமீட்டர். மளிகைக்கடைத் தராசுக்கு எடையளவுக்காரர்கள் முத்திரை வைக்கிறார்கள். ஆட்டோ மீட்டருக்கும் முத்திரை உண்டு. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போனால் பிரேக், லைட், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் ஓடோமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று காட்டுவது உண்மையிலேயே ஒரு கிலோமீட்டர்தானா என்று என் வண்டியில் இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை.

அளந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். அதற்காகத்தான் டேஷ்போர்டில் வைக்கும் ஜி.பி.எஸ். ஸ்பீடோமீட்டர் ஒன்று வாங்கினேன். விலை 1,850 ரூபாய். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. மேலே பச்சை எழுத்தில் வேகம் பெரிதாக ஓடும். கீழே சின்னதாக, ஓடிய தூரமும் நேரமும். எழுத்தைக் கண்ணாடியில் பிரதிபலிக்க வைக்க ஒரு ஃபிலிமும் கூடவே கொடுக்கிறார்கள். சார்ஜர் சாக்கெட்டில் வயரைச் சொருகினால் போதும், வண்டியின் வயரிங்கைத் தொட வேண்டியதில்லை.

இதில் இரண்டு வகை விற்கிறது, வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகுவது. அது வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் வேகத்தை வாங்கிக் காட்டும். பெரும்பாலும் முள் காட்டுவதைவிட உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும். ஆனாலும் அது வண்டியே சொல்லும் எண். டயர் தேய்ந்தாலும் சைஸ் மாறினாலும் அந்தப் பிழை இதிலும் சேர்ந்தே வரும். இன்னொன்று, செயற்கைக்கோள் சிக்னலை வைத்துத் தானே கணக்குப் போடும் ஜி.பி.எஸ். வகை. வண்டியின் மீட்டரைச் சோதிக்க வேண்டுமென்றால் வண்டிக்குச் சம்பந்தமில்லாத சாட்சிதான் வேண்டும். நான் ஜி.பி.எஸ். வகையை எடுத்தது அதனால்தான்.

முதலில் வேகம். என் வண்டியில் 80-க்குக் கவர்னர் வைத்திருப்பதால் அதற்கு மேல் சோதிக்க வழியில்லை. மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டிப் பக்கம் ரோடு நேராகவும் காலியாகவும் இருக்கும் இடத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரே நிலையில் பிடித்துப் பார்த்தேன். முள் 40-ல் நின்றபோது பெட்டி 38. முள் 60 என்றால் 57. முள் 80 என்றால் 76. ஏறக்குறைய எல்லா வேகத்திலும் முள் 5 சதவீதம் கூட்டித்தான் காட்டுகிறது. பெட்டி சொல்வதைத்தான் எப்படி நம்புவது என்று கேட்கலாம். வண்டி நகரும்போது செயற்கைக்கோள் சிக்னலின் அதிர்வெண் துளி மாறும்; அந்த மாற்றத்திலிருந்து ஜி.பி.எஸ். வேகத்தைக் கணக்கிடுகிறது. திறந்த வானம், நேர் ரோடு, ஒரே சீரான வேகம் என்று மூன்றும் இருந்தால் அதில் வரும் பிழை மிகவும் கொஞ்சம். வேகத்தைச் சட்டென்று கூட்டினாலோ பிரேக் அடித்தாலோ மட்டும் எண் ஒரு நொடி பின்தங்கி வரும். அந்த நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை.

முள் கூட்டிக் காட்டுவது கோளாறு இல்லை. தெரிந்தே அப்படி வைக்கிறார்கள். உலகின் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி எண் 39 ஸ்பீடோமீட்டருக்கானது. மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்துக்குக் கீழே போகவே கூடாது என்கிறது அந்த விதி. மேலே போகலாம், அதற்கும் வரம்பு உண்டு: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு இன்னொரு 4 கிலோமீட்டர். உண்மையில் வண்டி 76-ல் போகிறது என்றால் மீட்டர் 75 காட்டினால் தப்பு, 87 காட்டினாலும் சரி. டயர் புதிதாக இருக்கலாம், தேய்ந்திருக்கலாம். காற்று கூடக் குறைய இருக்கலாம். ஒரு கம்பெனி டயருக்கும் இன்னொன்றுக்கும் உயரத்தில் நூலளவு வித்தியாசம் இருக்கலாம். இத்தனைக்கும் நடுவில் ஒரு தடவைகூட மீட்டர் குறைத்துக் காட்டிவிடக் கூடாது. அதனால் கம்பெனிக்காரர்கள் ஆரம்பத்திலேயே முள்ளைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அது ஓட்டுகிறவனுக்கு நல்லதுதான். "முள் 5 கூடத்தானே காட்டுது" என்று அந்த 5-ஐயும் சேர்த்து மிதிக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: வேகத்துக்கு விலை கொடுப்பது டயரும் பிரேக்கும் ரோட்டில் நடந்து போகிறவரும். அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்தது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ராமேஸ்வரம் டிரிப் ஒன்றில் பேங்க் அதிகாரி ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். போனில் ஜி.பி.எஸ். ஆப்பைத் திறந்து வைத்து, என் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். மானாமதுரையில் டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டார்: "டிரைவர், உங்க மீட்டர் 80 காட்டுது, என் போன்ல 76தான் இருக்கு. அப்போ கிலோமீட்டரும் அஞ்சு பர்சன்ட் கூடத்தானே ஓடும்? முந்நூத்தம்பது கிலோமீட்டர்னா பதினேழு கிலோமீட்டர் நாங்க சும்மா குடுக்கணுமா?"

கேள்வியில் தப்பே இல்லை. காசு கொடுக்கிறவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் முள் 5 சதவீதம் கூட்டிக் காட்டினால் ஓடோமீட்டரும் 5 சதவீதம் கூட்டிக் காட்டும் என்பது சரியில்லை. நான் பழகிய வரைக்கும் டிரைவர்களில் பாதிப் பேர்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்பாசடர் காலத்து மீட்டர் மெக்கானிக் ஒருவர் எனக்குப் பழக்கம். இப்போது வயதாகிவிட்டது, கடையை மகன் பார்க்கிறார். ஒரு பழைய மீட்டரைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கிறார். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒன்றுதான். அது உள்ளே வந்ததும் வேலை இரண்டாகப் பிரிகிறது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி ஒட்டாமல் நிற்கும் அலுமினியக் கிண்ணம் அந்த இழுப்பில் திரும்பும். தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கும். கிண்ணத்தோடு சேர்ந்ததுதான் முள். அதே கேபிள் இன்னொரு பக்கம் சின்னச் சின்னப் பல்சக்கரங்களைத் திருப்பி எண் உருளைகளை நகர்த்தும். "முள்ளு காந்தத்துல ஓடுது, நம்பரு பல்லுல ஓடுது தம்பி. காந்தம் ஏமாத்தும், பல்லு ஏமாத்தாது" என்பார். காந்தத்தின் வலு குறைந்தால், ஸ்பிரிங் தளர்ந்தால் முள் மாறிப்போகும். பல்சக்கரத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது; இத்தனை சுற்றுக்கு இத்தனை எண்தான்.

இன்றைக்கு கேபிளும் இல்லை, காந்தக் கிண்ணமும் இல்லை. சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ இருக்கும் சென்சார் துடிப்புகளை அனுப்புகிறது. மீட்டரில் இருக்கும் சிப் அந்தத் துடிப்பை எண்ணிக் கிலோமீட்டராக ஏற்றுகிறது. முள்ளுக்கு மட்டும் அதே கணக்கின் மேல் கொஞ்சம் சேர்த்துக் காட்டுகிறது. அந்தச் சேர்மானம் ஓடோமீட்டருக்குப் போவதில்லை. அன்றும் இன்றும் வேர் ஒன்று, கிளை இரண்டு.

இதையெல்லாம் டீக்கடை வாசலில் வாயால் சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்? பரமக்குடி தாண்டியதும் ஒரு கிலோமீட்டர் கல் வரும் இடத்தில், "சார், நீங்களே டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க" என்றேன். அவரே அமுக்கினார். பத்தாவது கல் வந்தபோது டிரிப் மீட்டர் 10.1. முள் பூராவும் அதே 80-ல்தான் நின்றது. "அப்போ ரெண்டும் வேற வேறதான்" என்று அவராகவே சொன்னார். மதுரை வந்து இறங்கியதும் டிரிப் ஷீட்டில் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த விடுமுறைக்கு அவர் தம்பி குடும்பத்துக்கும் நான்தான் வண்டி ஓட்டினேன்.

பத்துக் கல் கணக்கு பார்ட்டியைச் சமாதானப்படுத்தப் போதும், சோதனைக்குப் போதாது. டிரிப் மீட்டர் 100 மீட்டருக்கு ஒரு தடவைதான் மாறும். 10 கிலோமீட்டரில் 100 மீட்டர் என்பதே 1 சதவீதம் ஆகிவிடும். குறைந்தது 25 கிலோமீட்டராவது எடுக்க வேண்டும். நான் எடுத்தது திருமங்கலத்துக்கும் விருதுநகருக்கும் நடுவில் உள்ள நான்குவழிச் சாலை. வளைவு குறைவு, கற்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு மட்டும் அளந்து முடிவுக்கு வராதீர்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது கல் கொஞ்சம் முன்னே பின்னே நட்டிருக்கும். நீளமாக எடுத்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

புது டயர் போட்ட புதிதில் 25 கல் தூரத்துக்கு என் டிரிப் மீட்டர் காட்டியது 25.2. பெட்டி காட்டியது 25.0. அதாவது ஓடோமீட்டர் கூட்டிக் காட்டுவது 1 சதவீதத்துக்கும் கீழே. இதே ரோட்டில் பழைய டயர் கழற்றும் நிலைக்கு வந்திருந்தபோது டிரிப் மீட்டர் 25.6 காட்டியிருந்தது. மீட்டர் அதேதான், ரோடும் அதேதான், மாறியது டயர் மட்டும்.

கணக்கு எளிதுதான். என் டயர் 165/80 ஆர் 14. ரிம் 14 அங்குலம், அதாவது 355.6 மில்லிமீட்டர். பக்கவாட்டு உயரம் 165-ல் 80 சதவீதம், 132 மில்லிமீட்டர்; மேலும் கீழும் சேர்த்தால் 264. மொத்த உயரம் 619.6 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு சுமார் 1.95 மீட்டர். புது டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படும் மேல்பாகத்தின் வெட்டு, சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், 1.6-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். நடுவில் தேய்வது 6.4 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்ந்து உயரத்தில் 12.8 மில்லிமீட்டர் போய்விடுகிறது, அது 2 சதவீதம். சக்கரம் சின்னதானால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். மீட்டர் எண்ணுவது சுற்றைத்தான், ரோட்டை அல்ல. காற்றுக் குறைவும் கொஞ்சம் மாற்றும் என்றாலும் ரேடியல் டயரில் அதன் பங்கு சின்னது, தேய்மானம்தான் பெரியது.

ராமேஸ்வரம் போய் வர 350 கிலோமீட்டர் என்றால் 2 சதவீதம் 7 கிலோமீட்டர், 98 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு அது பெரிய தொகை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஓடாத கிலோமீட்டருக்கு நான் ஏன் காசு வாங்க வேண்டும்? டயர் பட்டன் பாதிக்குக் கீழே போய்விட்டால் இப்போது 100 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கழித்துத்தான் பில் போடுகிறேன். டிரிப் ஷீட்டில் "டயர் கழிவு" என்று தனி வரியாக எழுதுகிறேன். கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறேன்.

டயர் மாற்றப் போன இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கடை எது என்பது வேண்டாம். "அண்ணே, 185/65 போடுங்கண்ணே, அதே ரிம்முக்குப் பொருந்தும். வண்டி பார்க்க அகலமா இருக்கும், கிலோமீட்டரும் நல்லா ஏறும்" என்றான் அங்கே வேலை பார்க்கும் பையன். டி போர்டு வண்டிகள் சிலவற்றுக்கு அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறானாம். அந்த சைஸின் உயரத்தைக் கணக்குப் போட்டால் 596 மில்லிமீட்டர் வரும். என் டயரைவிடக் கிட்டத்தட்ட 4 சதவீதம் சின்னது. 350 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 13 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஏறும். யாரும் மீட்டரைப் பிரிக்க வேண்டாம், லேப்டாப்பைச் சொருக வேண்டாம். டயரை மாற்றினாலே பார்ட்டியின் பையில் கை வைத்தாகிவிடும். எனக்கு இதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. அந்தப் பையன்மேல் இல்லை, அவனிடம் இதைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள்மேல். டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜ் எடுத்து, மீனாட்சியைப் பார்த்துவிட்டு மறுநாள் ராமேஸ்வரம் கிளம்பும் வெளியூர்க்காரர் நம்மை நம்பித்தான் வண்டியில் ஏறுகிறார். அவருக்கு டயர் சைஸ் பார்த்து ஏறத் தெரியாது. தெரியாது என்பதற்காக எடுக்கலாமா?

அந்த சைஸை 15 அங்குல ரிம்மில் போட்டால் கதை வேறு. 185/65 ஆர் 15-ன் உயரம் 621.5 மில்லிமீட்டர், 165/80 ஆர் 14-க்கும் அதற்கும் 2 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அகலமான டயர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அந்த வழியில் போகலாம், மீட்டர் கெடாது.

இனி பெட்டியின் குறைகள். ஓடிய தூரத்தை இது காட்டுவதை நான்குவழிச் சாலையில் நம்பலாம், மலையில் நம்ப முடியாது. மலைப் பாதை தொடங்கும் காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரை ஓடோமீட்டரைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே குறைத்துக் காட்டியது. ஏற்றம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறும் ரோட்டில்கூட அதனால் வரும் வித்தியாசம் கால் சதவீதம்தான். வளைவில்தான் நஷ்டம்: பெட்டி நொடிக்கு ஒரு தடவை இருக்கும் இடத்தைக் குறித்து, அந்தப் புள்ளிகளை நேர்கோடாக இணைக்கிறது, கொண்டை ஊசி வளைவில் வண்டி சுற்றிப் போகும், கோடு குறுக்கே போகும். ஒரு பக்கம் மலை, மேலே மரம் என்று வானம் மறையும் இடத்தில் சிக்னலும் விட்டுவிட்டு வரும். கொடைக்கானல் டிரிப்பில் போன் ஆப்பைக் காட்டித் "தூரம் குறைச்சலா இருக்கே" என்று கேட்கும் பார்ட்டிகளுக்கு இதுதான் பதில். அங்கே ஓடோமீட்டர் சொல்வதே உண்மைக்குக் கிட்ட.

ஊருக்குள் நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தல்லாகுளத்தில் ஏறிச் செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டரும் பாலத்தின் மேலே ஒரே வேகத்தில் போனால் வேக எண் தாவாமல் சீராக நிற்கும். அதே ரோட்டில் பாலத்துக்குக் கீழே போனால் 30, 12, 41 என்று தாவும். நின்றுகொண்டிருக்கும்போதே 3, 4 என்று காட்டுவதும் உண்டு. டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் தூரத்தில் 100 மீட்டர் சேர்ந்திருக்கும். வண்டி நின்றால் தூரக் கணக்கை நிறுத்திவைக்க ஒரு பட்டன் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சிக்னல் பிடிக்க ஒன்றிரண்டு நிமிஷம் ஆகிறது. அதற்குள் ஓடியது கணக்கில் வராது. சோதனை செய்கிறவர்கள் சிக்னல் வந்தபின் கிளம்புங்கள்.

கூடவே வந்த ஒட்டுப் பசை மதுரை வெயிலுக்கு ஆகாது. சித்திரை மாதம் வெளியில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் பெட்டி டேஷ்போர்டிலிருந்து நழுவிக் காலடியில் கிடந்தது. நல்ல டபுள் சைடு டேப் வாங்கி ஒட்டியபின் நிற்கிறது. மத்தியான வெளிச்சத்தில் கண்ணாடியில் விழும் எண் தெரியவே தெரியாது, பெட்டியைத்தான் குனிந்து பார்க்க வேண்டும். ராத்திரி நேர் எதிர். கண் கூசும், வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். பீப் சத்தத்தை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். பார்ட்டி தூங்கும்.

சொந்தக் கார்க்காரர்களுக்கு இந்தப் பெட்டி அவசியமில்லை. முள் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்று தெரிந்தால் போதும். மைலேஜ் பார்க்கிறவர்கள் டயர் தேய்ந்த பிறகு லிட்டருக்கு 20.4 என்று வந்தால் அது 20 என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் கணக்கில் காசு வாங்குகிறவர்களுக்கு 1,850 ரூபாய் வீண் செலவு இல்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை மார்க் பசைக்கும், ஒரு மார்க் நிற்கும்போது ஏறும் தூரத்துக்கும் போனது.

டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் வண்டிக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஆபீஸுக்கு ஒன்று போதும். டயர் மாற்றும்போதெல்லாம் அந்த வண்டியில் இதை வைத்து, திருமங்கலத்திலிருந்து விருதுநகர்ப் பக்கம் 25 கல் ஓட்டி, கல் எத்தனை, டிரிப் மீட்டர் எத்தனை, பெட்டி எத்தனை என்று தேதியோடு எழுதுங்கள். டயர் சைஸையும் சேர்த்து எழுதி, அந்தச் சீட்டை டிரிப் ஷீட் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பார்ட்டி கேட்டால் எடுத்துக் காட்டலாம்.